நாலு மில்லிமீட்டர் பட்டை: மோரிஸ் மைனருக்கு ஒரு நாணயம்

மொரீஷியஸில் எங்கள் கியூர்பிப் வீட்டு முற்றத்தில் தாத்தாவின் மோரிஸ் மைனர் கார் நின்ற காலத்தில் அதன் பானெட்டைத் துடைப்பது என் வேலை. நடுவில் ஒரு தட்டையான பட்டை நீளவாக்கில் ஓடும். துணி அதில் ஒரு தடவை ஏறி இறங்கும். அந்தப் பட்டைக்காகத்தான் இந்த நாணய வேலையைத் தொடங்கினேன்.

மைனர் 1948ல் வெளிவந்தது. மாதிரி வண்டி தயாரான பிறகு, அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்கு அகலம் போதவில்லை என்று பட்டது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, கண்ணுக்குச் சரியாக வந்த இடத்தில் நிறுத்தினார். இடைவெளி 4 அங்குலம். பானெட்டில் அதுதான் பட்டையாக நின்றது. பம்பர்கள் ஏற்கெனவே செய்து முடிந்திருந்ததால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள். முதலாளி நஃபீல்ட் பிரபு "முட்டை மாதிரி இருக்கிறது" என்று முகம் சுளித்த வண்டி, பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் கார் ஆனது.

என்னிடம் உள்ள கார் நாணயங்கள் எல்லாம் வண்டியைப் பக்கவாட்டில்தான் காட்டுகின்றன. மைனரை அப்படிக் காட்டினால் பட்டை தெரியாது, அதன் கதையே போய்விடும். அதனால் வண்டியை முன்பக்கத்திலிருந்து காட்ட முடிவு செய்தேன். வண்டியின் அகலம் சுமார் 60 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தேன். 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 60 மில்லிமீட்டர் கார், பட்டை சரியாக 4 மில்லிமீட்டர்.

நாணயசாலைகளில் முன்பு பெரிய பிளாஸ்டர் மாதிரி செய்து, அதை இயந்திரத்தால் சிறிதாக்கி எஃகில் செதுக்குவார்கள். என்னிடம் அந்த வசதி இல்லை. பிளாஸ்டிசின் களியில் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சிலேயே வெள்ளீயம் வார்க்கலாம் என்று முடிவு செய்தேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்.

முதல் அச்சு வீணாயிற்று. ஹெட்லைட்டுகளை நன்றாக உருட்டி, அடிப்பக்கம் சற்று உள்ளே ஒடுங்கும்படி வைத்திருந்தேன். களியைப் பிரித்தபோது இரண்டு விளக்கும் பிய்ந்து பிளாஸ்டருக்குள்ளேயே தங்கிவிட்டன. களி பிய்ந்து வந்தது, உலோகம் என்றால் வெளியே வந்தே இருக்காது. புடைப்பின் எந்தப் பக்கமும் அடியில் அகன்று மேலே சரிந்து போகவேண்டும். இரண்டாம் தடவை விளக்குகளைக் கவிழ்த்த கிண்ணம் போல் வைத்தேன். பிளாஸ்டரை மொத்தமாகக் கொட்டாமல், முதலில் தண்ணீராகக் கரைத்ததைத் தூரிகையால் தடவினேன். கிரில்லின் கம்பிகளுக்கிடையே ஒரு குமிழிகூட இல்லை.

அடுத்தது எழுத்து. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, நாணயத்தில் இல்லை. என் நாணயத்தில் இருக்கவேண்டும் என்பது எனக்கு முக்கியம். அச்சில் குழியாகச் செதுக்கினால் வார்ப்பில் எழுத்து மேலெழும், ஆனால் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்கவேண்டும். "மைனர்" என்பதில் கை பழக்கத்தில் ஐகாரக் கொம்பை மகரத்துக்கு இடப்பக்கமே வெட்டிவிட்டேன். களியை அழுத்தி எடுத்துப் பார்த்தால் கொம்பு மகரத்தைத் தாண்டி வலப்பக்கம் நிற்கிறது! பிளாஸ்டரைக் குழைத்து அடைத்து, டிரேசிங் தாளில் எழுதித் திருப்பி ஒட்டி, மறுபடி வெட்டினேன். இப்போது "மோரிஸ் மைனர் 1948" சுத்தமாகப் படிகிறது. பட்டையை அளந்தேன், 4 மில்லிமீட்டர்.

ஈரம் சொட்டும் அச்சில் உருகிய உலோகம் பட்டால் ஆவி வெடித்து முகத்தில் தெறிக்கும், அதில் அவசரப்படக் கூடாது. கியூர்பிப் மழையில் பிளாஸ்டர் காய்வதில்லை. கீழே கடலோரம் இருக்கும் அத்தையின் போர்ட் லூயி வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கடைசியாக அடுப்பிலும் சூடேற்றுவேன். அத்தை சாயங்காலம் தோறும் சமையலறைத் தராசில் அச்சை வைத்து எடையைப் போனில் சொல்கிறார்: 412 கிராம், 388, 371. நேற்று 366. இரண்டு நாள் ஒரே எடை வந்ததும் வெள்ளீயத்தோடு கீழே இறங்குவேன்.