டிசம்பர், பினாங்கு

டிசம்பர் 3

பயலின் புது பாஸ்போர்ட் இன்றும் வரவில்லை.

டிசம்பர் 5

மாலில் ஆளுயரத்துக்கு நாலு மடங்கு மரம் வைத்திருக்கிறார்கள். சாயங்காலமானால் மேலேயிருந்து சோப்பு நுரையை ஊதிவிட்டு அதுதான் பனி என்கிறார்கள். பயல் நாக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். வெளியே வந்தால் கார் சீட் சுடுகிறது. மேற்கு மலேசியாவின் அந்தப் பக்கம், கிளந்தானில் எல்லாம் மழை கொட்டும் மாதம் இது, இங்கே காய்கிறது.

பாஸ்போர்ட் ஆபீஸ் நம்பரை யாரும் எடுப்பதில்லை. பெரியவர்களுக்குப் பத்து வருஷம் தருகிறார்கள், பிள்ளைகளுக்கு மட்டும் 5 வருஷம். முகம் மாறுமாம், சரி. அதை டிசம்பரிலா முடிக்க வேண்டும்?

டிசம்பர் 7

ஆராதனை முடிந்து ஜார்ஜ்டவுனில் கொஞ்சம் சுற்றினோம். செயின்ட் ஜார்ஜ் ஆலயம் 1818-இல் கட்டியது. நம்ம பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் ஆலயம் 1826 தானே, எட்டு வருஷம் இளசு என்று போன வருஷம் அப்பாவைச் சீண்டியதற்கு, "வயச விடு, அண்ணாந்து பாத்தா எது கழுத்து வலிக்குதுன்னு சொல்லு" என்றார்.

இன்று அம்மா போனை எடுத்தாள், அப்பா தூங்குகிறாராம்.

டிசம்பர் 8

தூங்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு. சனிக்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு என்னிடம் சொல்லவில்லை. மதினிதான் தாங்காமல் சொன்னாள்.

டிசம்பர் 9

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிளேட் வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 11

விடிகாலை நாலு மணிக்கு அப்பா நம்பரிலிருந்து போன். ஊரில் அப்போது ஒன்றரை. எடுத்த கைக்கு உணர்வே இல்லை. அவர் சாதாரணமாகத்தான் பேசினார், "எப்ப வந்த? வாசல்ல நிக்காத, உள்ள வா, ஸ்டார் வயரு தொங்குது பாத்து வா" என்றார். நான் அப்பா, நான் பினாங்கில் இருக்கிறேன் என்றேன். "ஆமா ஆமா, சாப்பிட்டியா" என்றார். பிறகு யாரோ போனை வாங்கிவிட்டார்கள். வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இப்படிக் குழம்புவது உண்டு, தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாக அண்ணன் சொல்கிறான். நம்புகிறேன். அதற்குப் பிறகு தூக்கம் இல்லை, உட்கார்ந்து அரிசி களைந்து ஊறப்போட்டேன், எதற்கு என்று தெரியாமல்.

டிசம்பர் 12

எனக்கு பாஸ்போர்ட் இருக்கிறது, இவருக்கு இருக்கிறது, பயலுக்குத்தான் இல்லை. அப்படியென்றால் நான் மட்டும் போகலாம். காலையிலிருந்து இதையேதான் மனசு அரைக்கிறது. சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது, எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை அப்பா பக்கத்தில். இவர் "போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்கிறார், பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் போகிறவர் எதைப் பார்த்துக்கொள்வார்? அத்தையிடம் கேட்டால் பிள்ளையை விட்டுவிட்டுப் பண்டிகைக்குப் போவாளா ஒருத்தி என்பார்கள். பண்டிகைக்கா போகிறேன்? பயலிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன், "நான் ஏஞ்சல் டிரஸ் போடும்போது நீ இருக்க மாட்டியா" என்றான். அம்மாவோ வராதே வராதே என்கிறாள், அவள் வராதே என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் கேட்க முடியாது. டிக்கெட் விலையைப் பார்த்தேன், மூடினேன், மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தது.

டிசம்பர் 14

அப்பா தெளிந்துவிட்டார். வாக்கர் பிடிக்க மாட்டேன் என்று நர்ஸிடம் சண்டையாம். அப்பாடா.

டிசம்பர் 16

லெபோ பாசாரில் முந்திரிக்கொத்துக்குச் சாமான் வாங்கினேன். பச்சைப்பயறு, எள், ஏலக்காய் எல்லாம் கிடைத்தது. கருப்பட்டி மட்டும் கண்ணில் படவில்லை. குலா மலாக்கா போட்டேன். அதுவும் மரத்துப் பதநீர்தான், ஆனால் தென்னை, பனை இல்லை. பாகு சீக்கிரம் இளகிவிட்டது, உருண்டை தட்டையாக உட்கார்ந்துகொண்டது. எதிர்வீட்டு ஆண்டி வாசனை பிடித்து வந்து "பசியாறிட்டீங்களா, என்னா செய்றீங்க" என்று நின்றபடியே மூன்று தின்றார். நன்றாக இருக்கிறதாம். அப்பா தின்றால் சொல்லியிருப்பார்.

டிசம்பர் 19

பாஸ்போர்ட் வரவில்லை. ஊருக்குப் போட்டிருந்த டிக்கெட் நாளைக்கு. இவர் கேன்சல் செய்தார், நான் பார்க்கவில்லை.

டிசம்பர் 21

கேரல் ரவுண்டில் கடைசி வீடு எங்களுடையது. இருபது பேர், லிப்ட் இரண்டு தடவை ஏறி இறங்கியது. கீர்த்தனை ஆரம்பித்ததும் நான் சமையலறைக்குப் போய் மைலோ கலக்கினேன். தேவைக்கு மேலேயே கலக்கினேன்.

டிசம்பர் 24

கீழ்வீட்டு மக்சிக்குக்கு (மலாய் ஆண்டி) தனியாக ஒரு கேக். ரம் இல்லாமல், திராட்சையை ஆரஞ்சு ஜூஸில் ஊறவைத்து, ஹலால் முத்திரை உள்ள வெண்ணெய். பெருநாளுக்கு அவர் ரெண்டாங் கறி தந்துவிடுவார், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

டிசம்பர் 25

ஊரில் விடிகாலை நாலரை மணி ஆராதனை, இங்கே ஏழு. மதினி வீடியோ காலில் கோவிலைக் காட்டினாள், கூட்டத்தில் முதுகுகள்தான் தெரிந்தன. அப்பா வீட்டில் கட்டிலில் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பயல் ஏஞ்சல் டிரஸ்ஸில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினான். "றெக்கை கோணலா இருக்குடா" என்றார். அவ்வளவுதான் பேசினோம், லைன் போய்விட்டது.

மத்தியானம் திறந்த இல்ல உபசரிப்பு. யார் யாரோ வந்தார்கள். நல்ல பிரியாணி.

டிசம்பர் 26

பத்து பெரிங்கி கடற்கரையில் ஆண்டியுடன் நடந்தோம். 2004-இல் இதே நாள் மத்தியானம் இங்கேயும் அலை வந்தது, பினாங்கில் மட்டும் 50 பேருக்கு மேல் போனார்கள். நாகப்பட்டினம், குளச்சல் என்றே கேட்டு வளர்ந்த எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். ஆண்டியின் நாத்தனார் அன்று மீன் வாங்க முன்னதாகவே கிளம்பிவிட்டாராம். அதை நாலு விதமாகச் சொன்னார். பயல் தண்ணீருக்குள் போக வேண்டும் என்று அடம், நான் விடவில்லை.

டிசம்பர் 29

வந்துவிட்டது! புது பாஸ்போர்ட்டில் பயலின் முகம் அழுத மாதிரி இருக்கிறது. இனி பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிற, இங்கே தங்குவதற்கான பாஸை இதற்கு மாற்ற வேண்டுமாம், அதற்கு எத்தனை நாள் என்று கம்பெனியில் கேட்டால் புது வருஷம் கழித்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.

டிசம்பர் 30

அப்பா வாக்கரில் வாசல் வரை வந்தாராம். பொங்கலுக்கு ரயிலில் இப்போதே வெயிட்டிங் லிஸ்ட். அண்ணன் தட்கல் பார்க்கிறேன் என்கிறான்.