ஷாக் மாத்தப் போய் கணக்கு படிச்ச கதை

போன வருஷம் பூரா எனக்கு ஒரே நெனப்புதான், காயில் ஷாக் காயில் ஷாக்னு. ஷாக்னா பின் சக்கரம் வாங்குற அடிய தாங்குறது, காயில்ல சுருள் ஸ்ப்ரிங் இருக்கும், ஏர்ல அதுக்கு பதிலா அடைச்ச காத்து. என் மவுண்டன் பைக்ல வந்த ஏர் ஷாக் நீளமான இறக்கத்துல பாதிக்கு மேல ஒரு மாதிரி துள்ள ஆரம்பிச்சிடும், மேல இருந்தப்ப ஒழுங்கா இருந்த ரீபவுண்ட் (அமுங்குன ஷாக் திரும்ப நீளுறது) கீழ வரவர வேகமாயிட்டே போகும், கல்லுல பின் சக்கரம் நிக்காது. வீடியோ பாத்தா எல்லாரும் காயில் போட்டா தரையில ஒட்டிக்கிட்டு போகும்னு சொல்றாங்க. சரி வாங்கிடுவோம்னு வாங்கிட்டேன். அதுல பண்ண தப்பெல்லாம்தான் இந்த போஸ்ட்.

அளவுல மட்டும் தப்பு பண்ணல. ஷாக் மேல ரெண்டு நம்பர் இருக்கும், என்னோடது 230க்கு 60. மொதல் நம்பர் ரெண்டு போல்ட் ஓட்டைக்கும் நடுவுல இருக்குற நீளம், ரெண்டாவது ஸ்ட்ரோக், அதாவது ஷாக் எவ்ளோ உள்ள போகும்ங்குறது, ரெண்டுமே மி.மீ. 2016 வாக்குல மெட்ரிக் அளவு வந்தப்புறம் புது ஃபிரேம்ல பெரும்பாலும் இதுதான், அதுக்கு முந்தின பைக்னா 200க்கு 57, 216க்கு 63ன்னு இன்ச்ல இருந்து வந்த அளவா இருக்கும், ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. ட்ரனியன் மவுண்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல மேல்பக்கம் ஓட்டையே கிடையாது, ஷாக் பாடியோட ரெண்டு பக்கத்துலயும் நேரா போல்ட் ஏறும், நீளம் 25 மி.மீ கம்மி. ஸ்ட்ரோக் கூடுதலா இருக்குற ஷாக்க போட்டு டிராவல, அதாவது பின் சக்கரம் மேல கீழ நகருற தூரத்த, ஏத்திக்கலாம்னு ஒரு ஆசை வரும், எனக்கும் வந்துச்சு. அப்படி போடுறதா இருந்தா மொதல்ல காத்தெல்லாம் எறக்கிட்டு, இல்ல ஸ்ப்ரிங்க கழட்டிட்டு, பின் சக்கரத்த கடைசி வரைக்கும் அமுக்கிப் பாருங்க, டயர் சீட் ட்யூப்ல, அதான் சீட்டுக்கு கீழ இருக்குற ஃபிரேம் குழாய்ல, இடிச்சா அந்த ஆசைய அங்கயே விட்டுடணும்.

நான் விட்ட எடம் லெவரேஜ் ரேஷியோ. பேர கேட்டு பயப்படாதீங்க, பின் சக்கரம் எவ்ளோ நகருதோ அத ஷாக் ஸ்ட்ரோக்கால வகுத்தா போதும். எனக்கு 150 டிராவல், 60 ஸ்ட்ரோக், அப்ப 2.5. ஆனா இது சராசரி மட்டும்தான். ஷாக் அமுங்க அமுங்க இந்த நம்பர் மாறும், எவ்ளோ மாறுதுங்குறதுலதான் விஷயமே இருக்கு. என் ஃபிரேம் 2.6ல ஆரம்பிச்சு 2.4ல முடியுது, மாத்தம் 8 சதவீதம் கிட்டதான், அதாவது கிட்டத்தட்ட நேர்கோடு. காயில் ஸ்ப்ரிங்கும் நேர்கோடு, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரே அளவுதான் எதிர்க்கும். ஏர் அப்படி இல்ல, காத்து இறுக இறுக கடைசில சுவர் மாதிரி நிக்கும். அப்ப நேர்கோடு ஃபிரேம்ல நேர்கோடு ஸ்ப்ரிங்க போட்டா கடைசில தடுக்குறதுக்கு யாரு இருக்கா? யாரும் இல்ல. சின்ன டிராப்புக்கே டங்குனு போய் இடிச்சுது, முதுகெலும்பு வரைக்கும் கேட்டுச்சு அந்த சத்தம்.

ஸ்ப்ரிங்தான் சாஃப்ட்டுனு நெனச்சேன். கணக்குப்படி அது சரியாதான் இருந்துச்சு. ஹெல்மெட் பேக் எல்லாத்தோட நான் 80 கிலோ, நின்னு ஓட்டும்போது பின்னாடி 65 சதவீதம்னு வச்சா 52 கிலோ, அத 2.5ஆல பெருக்குனா ஷாக் மேல 130 கிலோ. ஸேக், அதாவது பைக் மேல ஏறி நின்னா தானா அமுங்குற அளவு, 30 சதவீதம் வேணும்னா 18 மி.மீ. 130 கிலோவுக்கு 18 மி.மீ அமுங்குற ஸ்ப்ரிங்னா பவுண்டு இன்ச் கணக்குல 400. என்னோடதும் 400தான். இடிக்குதேன்னு 450 வாங்கிப் போட்டேன், ஸேக் 16க்கு வந்துச்சு, இடி கொஞ்சம் கம்மியாச்சு ஆனா சின்னச் சின்ன கல்லுல பைக் கடகடன்னு ஆட ஆரம்பிச்சிடுச்சு. எதுக்காக காயில் வாங்குனேனோ அதுவே போச்சு. ஸ்ப்ரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்கிற ப்ரீலோட் வளையத்த இறுக்கிப் பாக்கலாமேன்னா அது ஸ்ப்ரிங்க கெட்டியாக்காது, ஆரம்பத்துல அமுங்குறதத்தான் தடுக்கும், ஒண்ணு ரெண்டு சுத்துக்கு மேல போனா ஸ்ப்ரிங்க மாத்துறதுதான் சரி. கடைசில ஹைட்ராலிக்கா தடுக்குற காயில் ஷாக்கும் இருக்கு, போகப் போக இறுகுற ஸ்ப்ரிங்கும் இருக்கு, மறுபடி செலவு பண்ண எனக்கு மனசு வரல.

எடையையும் சொல்லிடுறேன், காயில் போட்டா அரை கிலோ வரைக்கும் கூடும். எனக்கு அது பெரிய விஷயமா தெரியல, ஏத்தத்துல மூச்சு வாங்குறதுக்கு ஷாக்க குத்தம் சொல்ற ஆளுங்கள நான் நம்புறதில்ல.

கடைசில பழைய ஏர் ஷாக்க சர்வீஸ் குடுத்தேன். தெறந்தா ஆயில் கறுப்பா நுரையோட இருந்துச்சு. ஏர் கேன், அதாவது காத்து அடைச்சிருக்குற பாகம், அதோட சீல 50 மணி நேரத்துக்கு ஒருதடவ பாக்கச் சொல்ற கம்பெனி உண்டு, நான் ரெண்டு வருஷமா தொடவே இல்ல. இறக்கத்துல சூடேற ஏற டேம்பிங், அதாவது ஆயில் ஷாக்கோட வேகத்த அடக்குறது, கழண்டு போனது அதனாலதான், ஏர் ஸ்ப்ரிங் மேல தப்பே இல்ல. புது ஆயில், புது சீல், உள்ள ஒரு வால்யூம் ஸ்பேசர் கூடுதலா. அது ஒரு பிளாஸ்டிக் துண்டுதான், ஆனா ஏர் கேன்ல எடத்த அடைச்சிடும், அதனால ஆரம்பம் அப்படியே மெத்துனு இருக்கும் கடைசி மட்டும் இறுகும். ஸேக் 28 சதவீதம் வச்சிருக்கேன், இடிக்கவும் இல்ல துள்ளவும் இல்ல. ஆக நான் எதையுமே வாங்கியிருக்க வேண்டியதில்ல, இத வீட்ல இன்னும் சொல்லல.

அந்த காயில் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. ஃப்ரெண்டு ஒருத்தன் பைக்கும் அதே 230க்கு 60, அவன் ஃபிரேம் 3ல ஆரம்பிச்சு 2.35ல முடியுது, 20 சதவீதத்துக்கு மேல மாத்தம், அதனால கடைசில தடுக்குற வேலைய ஃபிரேமே பாத்துக்கும். புஷ்ஷிங், அதாவது போல்ட் ஓட்டைக்குள்ள போற உருளை, அதோட அகலம் மட்டும் சேரல, அத தனியா வாங்கி போட்டோம். அவனும் என் எடைதான், டிராவல் கொஞ்சம் கூட, அதனால எனக்கு உதவாத அந்த 450 அவனுக்கு கரெக்டா உக்காந்துச்சு. ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு தரேன்னு வாங்கிட்டுப் போனான், மூணு மாசம் ஆச்சு, ஃபோன் பண்ணா ட்ரெயில்ல இருக்கேன்னு கட் பண்றான்.