ஷெட்லாந்து தீவில் தொழிற்கல்வி: காசிமேட்டிலிருந்து செல்ல நினைப்பவர்களுக்கு

வெளிநாட்டில் படிப்பது என்றால் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் பெரும்பாலும் பெருநகரங்களையே நினைக்கிறார்கள். நான் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஏறத்தாழ 23,000 பேர் மட்டுமே வாழும் ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில் கடல்சார் தொழிற்படிப்பை முடித்துத் திரும்பியவன். அவ்வளவு சிறிய ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் கற்க விரும்பும் தொழிலை நம்பித்தான் அந்தத் தீவே பிழைத்துக்கொண்டிருக்க வேண்டும். அது பொருந்தவில்லையென்றால் வேறு ஊரைப் பாருங்கள்.

ஷெட்லாந்தைப் பொறுத்தவரை அந்தத் தொழில் கடல். மீன்பிடிப் படகுகள், சால்மன் கூண்டுகள், மஸ்ஸல் என்ற சிப்பி வளர்ப்பு, தீவுக்குத் தீவு ஓடும் வாகனப் படகுகள் என்று ஊரின் வருமானத்தில் பெரும்பங்கு தண்ணீரிலிருந்தே வருகிறது. நம் துறைமுகத்தில் விடியற்காலையில் குரல் கொடுத்து நடக்கும் ஏலம் அங்கே லெர்விக், ஸ்காலோவே ஆகிய இரு சந்தைகளிலும் கணினி வழியாக நடக்கிறது. ஸ்காலோவேயில் இயங்கிவந்த கடல்சார் பயிற்சி மையமும் லெர்விக்கில் இருந்த கல்லூரியும் 2021இல் இணைக்கப்பட்டு, இப்போது ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக உள்ளன. இவ்வளவு சிறிய சமூகத்தில் உங்களுக்குப் பாடம் நடத்துபவரும், பயிற்சிக்கு உங்களை ஏற்கும் படகுத் தலைவரும், பிற்பாடு உங்களைப் பற்றி விசாரிக்கும் பண்ணை மேலாளரும் ஒருவரையொருவர் சிறுவயது முதல் அறிந்தவர்களாக இருப்பார்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, கருவிகளைக் கழுவி வைக்கிறாரா என்பதெல்லாம் சில வாரங்களுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

நம் ஊர்ப் படிப்பிலிருந்து மிகப்பெரிய வேறுபாடு மதிப்பீட்டு முறையில் இருக்கிறது. இறுதித் தேர்வுக்கு முந்தைய இரவு கண் விழித்து எழுதித் தேறும் வழக்கம் அங்கே பயன்படாது. படிப்பு தனித்தனி அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தொழில் தகுதிகளில் நீங்கள் ஒரு வேலையைச் செய்ததற்கான சான்றுகளைத் திரட்டிக் கோப்பாகத் தர வேண்டும். எஞ்சின் எண்ணெய் மாற்றினால் நாள், நேரம், எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு, பயன்படுத்திய பாதுகாப்புச் சாதனம், மேற்பார்வையாளரின் கையொப்பம் ஆகிய அனைத்தும் பதிவில் இருக்க வேண்டும். சால்மன் பண்ணைகளில் கடல் பேன் என்ற ஒட்டுண்ணியை மீன்களின் மேல் எண்ணி வாராவாரம் அரசுக்குத் தெரிவிப்பது ஸ்காட்லாந்தில் கட்டாயம். ஆகவே எண்ணுவதும் எழுதுவதும் அந்தத் தொழிலின் பாதி. தடைக்காலத்தில் லாஞ்சு எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகிய நம் பிள்ளைகளுக்குக் கைவேலை எளிதாக வரும். எழுத்து வேலையில்தான் பின்தங்குவார்கள். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே, அன்றன்று செய்த வேலையை ஆங்கிலத்தில் பத்து வரி எழுதிப் பழகுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடலில் உயிர்பிழைக்கும் பயிற்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் மீன்பிடிப் படகில் புதிதாக வேலைக்குச் சேருபவர் இந்தப் பயிற்சியை முடிக்காமல் கடலுக்குப் போக முடியாது. தண்ணீர் புகாத தடித்த உடையை அணிந்து, நீச்சல் குளத்தில் குதித்து, கவிழ்ந்து கிடக்கும் உயிர்காப்புத் தெப்பத்தை நிமிர்த்தி, மற்றவர்களையும் அதில் ஏற்ற வேண்டும். நீந்தத் தெரிந்தவனுக்கு இது எதற்கு என்று நம் கரையில் வளர்ந்தவர்கள் கேட்கலாம். குளிர்ந்த நீரில் சில நிமிடங்களில் கைவிரல்கள் மரத்துப்போகும். அதன்பிறகு நீச்சல் திறமை பெரிதாக உதவாது. நான் கற்றவற்றுள் நம் படகுகளுக்கு உடனே வர வேண்டியது எது என்று கேட்டால், மிதக்க வைக்கும் உயிர்காப்பு அங்கியை அறைக்குள் போட்டு வைக்காமல் மேல்தளத்தில் எப்போதும் அணிந்திருக்கும் பழக்கத்தைத்தான் சொல்வேன்.

விசா விதிகளை ஏஜென்டின் வாய்மொழியாக மட்டும் கேட்காதீர்கள். பட்டப்படிப்புக்குக் கீழான படிப்புகளுக்கு மாணவர் விசாவில் பொதுவாக 2 ஆண்டுகள் வரையே இருக்க முடியும். கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. படித்து முடித்தபின் அங்கே தங்கி வேலை தேட உதவும் கிராஜுவேட் விசா, இந்தத் தொழிற்சான்றிதழ்களுக்குக் கிடையாது. பகுதிநேர வருமானத்தில் கல்விக்கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், அந்தக் கணக்கை ஏற்காதீர்கள். விசாவுக்காக வங்கியில் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாட்கள் இருப்பில் இருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்விலும் பிரிட்டன் விசாவுக்கென்றே நடத்தப்படும் வகையை எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, வெளிநாட்டு மாணவரை ஏற்கும் உரிமம் கல்லூரிக்கு உண்டா, நீங்கள் கேட்கும் படிப்பு முழுநேரப் படிப்பா என்று கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள். அங்குள்ள பல தொழிற்படிப்புகள் உள்ளூரில் வேலை பார்ப்பவர்களுக்காகவே அமைந்தவை.

இராயபுரத்திலேயே மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் சென்னைப் பிரிவு இருக்கிறது. அங்கே கடற்கல இயக்கம், கடல்சார் ஃபிட்டர் ஆகிய பயிற்சிகளைப் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பெறலாம். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இவற்றின் வாசலைக்கூடப் பார்க்காமல் வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கே அடிப்படையைப் பெற்றுவிட்டுச் செல்பவருக்கு அங்கே கற்பதற்கு நேரம் மிச்சமாகும்.

தங்கும் இடத்தை உறுதி செய்யாமல் விமானம் ஏறாதீர்கள். தீவில் வாடகை வீடு கிடைப்பது மிகவும் கடினம். அபர்டீனிலிருந்து இரவு முழுவதும் ஓடும் கப்பல், புயல் அடித்தால் நின்றுவிடும் என்பதால், பயணத்துக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடையே சில நாட்கள் விடுங்கள். டிசம்பரில் பகல் ஏறத்தாழ 6 மணி நேரம்தான். பனியை விடக் காற்றே அதிகம் வாட்டும். பாரிமுனையில் கனமான கம்பளிக் கோட்டு வாங்குவதை விட, காற்றும் மழையும் புகாத மேலுடைக்குப் பணத்தை வைத்திருப்பது நல்லது. ஓட்டுநர் உரிமத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய உரிமத்தை வைத்து அங்கே 12 மாதங்கள் வண்டி ஓட்டலாம். குழம்புத் தூள் எடுத்துச் செல்லலாம்; நெய்யும் பால் இனிப்புகளும் அனுமதிக்கப்படுவதில்லை.

திரும்பி வந்தபின் என்ன செய்வது என்பதையும் போவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கப்பல் வேலைக்கு முயல்பவர்கள், தாம் பெறப்போகும் சான்றிதழ் இங்கே செல்லுமா என்று இராஜாஜி சாலையில் உள்ள எம்.எம்.டி. என்ற மத்திய அரசின் வணிகக் கப்பல் துறை அலுவலகத்தில், கட்டணம் கட்டுவதற்கு முன்னதாகவே எழுத்துமூலம் கேட்டுவிட வேண்டும். மீன் வளர்ப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு வழி இன்னும் அகலமானது. சால்மன் நம் கடலில் வளராது. ஆனால் கூண்டைப் பராமரிப்பதும், தீவனத்தை அளந்து போடுவதும், இறந்த மீனை அன்றன்றே அகற்றிக் கணக்கில் எழுதுவதும் கொடுவாவுக்கும் கடல் விராலுக்கும் அப்படியே பொருந்தும். சென்னையில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் கொடுவாக் குஞ்சு உற்பத்தியிலும், மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆய்வு மையம் கடல் விரால் வளர்ப்பிலும் பல ஆண்டுகளாக ஈடுபட்டுள்ளன. படிப்பு முடிவதற்கு முன்பே இவ்விரு இடங்களின் பயிற்சி அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.