தூங்கப் போகிற சிப்பை எழுப்பிப் பார்த்தீர்களா?

பவர் மேனேஜ்மென்ட் வெரிஃபிகேஷனுக்கு, அதாவது சிப்பின் பகுதிகள் சரியாக அணைந்து எழுகின்றனவா என்று சிப்பாவதற்கு முன்பே சிமுலேஷனில் சோதிக்கும் வேலைக்கு, புதிதாக வருகிறவர்கள் எழுதும் முதல் டெஸ்ட் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிளாக்கை (சிப்பின் ஒரு பகுதியை) அணை, கொஞ்ச நேரம் பொறு, திரும்பப் போடு, வேலை செய்கிறதா பார். நானும் அப்படித்தான் எழுதினேன், எல்லாம் பாஸ். ஆனால் பெரிய தவறுகள் ஒளிந்திருப்பது அணைந்தும் அணையாமலும் இருக்கிற அந்தச் சில கிளாக்குகளில், அதாவது கிளாக் துடிப்புகளில்தான்.

கிளாக்கை நிறுத்தினாலும் டிரான்சிஸ்டர் வழியாகக் கரண்ட் கசிந்துகொண்டேதான் இருக்கும், அதனால் பயன்படாத பிளாக்குக்குச் சப்ளையையே துண்டித்துவிடுகிறோம். அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் கிளாக் நிற்க வேண்டும், அப்புறம் ஐசொலேஷன் ஏறி, வெளியே போகும் சிக்னல்களை 0 அல்லது 1-இல் பிடித்து வைக்க வேண்டும், அடுத்து ரிடென்ஷன் ஃபிளாப்களில் (பிளாக்கின் பவர் போனாலும் மதிப்பை மறக்காதவை) மதிப்புகளைச் சேமிக்க வேண்டும், கடைசியில்தான் பவர் சுவிட்ச். ஐசொலேஷன், ரிடென்ஷன், சுவிட்ச் இதையெல்லாம் வழக்கமாக ஆர்டிஎல்லில், அதாவது சிப் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் கோடில், எழுதுவதில்லை. யுபிஎஃப் என்ற தனிக் கோப்பில் எழுதுகிறோம், ஐட்ரிபிள்ஈ 1801 என்பது அதன் தரநிலை. வரிசையை நடத்தும் கன்ட்ரோலர் மட்டும் ஆர்டிஎல்லில், எப்போதும் அணையாத பகுதியில் இருக்கும்.

எனக்கு மாட்டியது அந்தக் கன்ட்ரோலரில்தான். எழுப்பும் சிக்னல் ஒரே ஒரு கிளாக் நீளமுள்ள பல்ஸ், கன்ட்ரோலரோ பிளாக் முழுக்க அணைந்த பிறகுதான் அதைக் கவனிக்கும். என் டெஸ்ட்பெஞ்சும் (டிசைனுக்குச் சிக்னல் கொடுத்துச் சோதிக்கும் கோடு) பவர் போகும்வரை காத்திருந்தே பல்ஸ் அனுப்பியதால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. கையில் இருக்கும் ஃபோனுக்கு அழைப்பு அப்படியா வருகிறது?

ஒரு நாள் சாயங்காலம், அந்த வரிசையின் ஒவ்வொரு கிளாக்கிலும் ஒரு பல்ஸ் என்று லூப் போட்டு 40 ரன் விட்டுவிட்டுப் போனேன். காலையில் 11 ஃபெயில். வேவ்ஃபார்மை (சிக்னல்கள் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடத்தை) திறந்தால், ஐசொலேஷன் ஏறியிருக்கிறது, சேவ் சிக்னல் மேலே இருக்கிறது, அதே கிளாக்கில் எழுப்பும் பல்ஸ் மெல்லிய கோடாக வந்து போகிறது, கன்ட்ரோலர் அதைக் கண்டுகொள்ளாமல் சுவிட்சை அணைக்கிறது, அதற்குப் பிறகு கடைசிவரை பிளாக் முழுக்க எக்ஸ் (0-வா 1-ஆ என்று தெரியாத மதிப்பு), ஒரே சிவப்பு. சிப்பாகியிருந்தால் அந்த அழைப்பு வந்த சுவடே இருந்திருக்காது. திருத்தம் சின்னது: பல்ஸை அணையாத பகுதியில் ஒரு ஃபிளாப்பில் பிடித்து வைத்து, எழுந்து முடிந்ததும் அழிப்பது.

இன்னொன்று, சிவப்பு தெரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். பவர் திரும்பியதும், ரிடென்ஷனும் ரீசெட்டும் இல்லாத ஃபிளாப் எக்ஸாகத்தான் இருக்கும், ஆனால் ஆர்டிஎல் எழுதும் வெரிலாக் மொழியில் இஃப் நிபந்தனைக்கு எக்ஸ் வந்தால் சிமுலேட்டர் பேசாமல் எல்ஸ் பக்கம் போய்விடும், அங்கிருந்து கிளம்புவது சுத்தமான 0 அல்லது 1. நிஜ சிப்பில் அந்த ஃபிளாப் 1 ஆகவும் விழலாம். இதற்காகவே, எக்ஸை இப்படி மறைக்காமல் அடுத்தடுத்துக் கடத்தும் எக்ஸ் ப்ராபகேஷன் ஆப்ஷனைப் போட்டு ஒரு முறை ஓட்டுவதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். ரன் நேரம் கூடும், கூடட்டும்.

எழும் பக்கத்திலும் அதே லூப்பை ஓட்டினோம், பாதி எழுந்திருக்கும்போது திரும்ப அணைக்கச் சொல்லி. அங்கே இன்னொன்று சிக்கியது: சேமித்த மதிப்புகளைத் திரும்ப ஏற்றும் ரெஸ்டோர் முடிவதற்கு ஒரு கிளாக் முன்பே ஐசொலேஷன் இறங்கிவிடுகிறது, பக்கத்து பிளாக்கின் இன்டரப்ட் லைனில் எக்ஸ்.