பகலின் கண்

டெய்சி என்ற பூவின் பெயருக்கு அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல் மேல் எனக்குத் தனிப் பிரியம். பழைய ஆங்கிலத்தில் 'பகலின் கண்' என்று இருந்த இரண்டு சொற்கள் பேசிப் பேசித் தேய்ந்து டெய்சி ஆகிவிட்டன. புல்வெளியில் கிடக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பூ, பொழுது சாய்ந்ததும் இதழ்களைக் கூப்பி நடுவிலிருக்கும் மஞ்சளை மூடிக்கொள்ளும். விடிந்தால் திறக்கும். அப்படியே இமைதான். பேர் வைத்தவர் எவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்!

ஸ்பானிய மொழியில் இது மார்கரீத்தா. கிரேக்கத்தில் முத்தைக் குறித்த சொல், லத்தீன் வழியாக வந்தது. பைபிளில், மத்தேயு 7:6-இல் பன்றிகள் முன் முத்துக்களைப் போடாதே என்று வருகிறதல்லவா, அதிலிருந்து பிறந்த ஸ்பானியச் சொலவடை 'பன்றிகளுக்கு மார்கரீத்தா போடுவது'. இன்று அங்கே முத்துக்குப் பெர்லா என்பதுதான் வழக்கு. அதனால் இதைக் கேட்கிறவர் மனசில் பன்றி முன்னால் பூ விழுகிறது. எனக்கு அந்தக் காட்சிதான் அதிகம் வலிக்கிறது.

'மார்கரீத்தா இதழைப் பிய்ப்பது' என்றால் முடிவெடுக்காமல் இழுத்தடிப்பது. காதலிக்கிறானா, இல்லையா என்று ஒவ்வொரு இதழாகக் கிள்ளும் விளையாட்டிலிருந்து வந்தது.

சாவுக்கும் பூ உண்டு. ஆங்கிலப் பேச்சுவழக்கில், செத்தவர் மண்ணுக்கடியிலிருந்து டெய்சியை மேலே தள்ளுகிறார் என்பார்கள். ஸ்பெயினில், மால்வா என்ற பூச்செடி வளர்க்கிறார் என்பார்கள். நம் ஊரில், செத்த இடத்தில் புல் முளைச்சாச்சு.