முதல் மூன்று மாதம் மல்லாந்துதான் கிடக்கணும்: ஜியு-ஜிட்சு தொடங்குபவர்களுக்கு

மல்யுத்தத்தில் இரண்டு தோளும் தரையில் அழுந்தினால் ஆட்டம் முடிந்தது. பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பில் முதல் நாளே மல்லாக்கப் படுக்கச் சொல்வார்கள், பாடமே அங்கிருந்துதான் ஆரம்பம். வயிற்றின் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். கழுத்தையும் கையையும் பறிகொடுக்காமல், மூச்சு முட்டாமல் எப்படி வெளியே வருவது? முதல் மூன்று மாதத்துக்கு இதை மட்டும் உருப்படியாகக் கற்றால் போதும். யூடியூபில் பார்த்த பறக்கும் ஆர்ம்பாரெல்லாம் (நீட்டிய கையை முழங்கையில் மடக்கி முறிக்கப் பார்க்கும் பிடி) அப்புறம்.

இந்தக் கலை தரையிலேயே குடியிருப்பதற்குப் பின்னணி உண்டு. ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. (அந்தக் காலத்தில் ஜூடோவையே வெளிநாடுகளில் ஜியு-ஜிட்சு என்பார்கள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.) கார்லோஸின் தம்பி எலியோ ஒல்லியான ஆள். கனத்த ஆளைத் தூக்கி எறிவதைவிட, கீழே கிடந்தபடியே கால்களால் அவரைக் கட்டுப்படுத்துவதுதான் அவருக்கு ஒத்துவந்தது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், பல தற்காப்புக் கலைக்காரர்கள் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில், எலியோவின் மகன் ராய்ஸ் ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். அவர் எடை சுமார் 80 கிலோதான்.

டெக்னிக்குக்கு முன்னால் கற்க வேண்டியது டேப், அதாவது தோற்றேன், விடு என்று தட்டிச் சொல்வது. பிடி இறுகிவிட்டது, இனி தப்ப வழியில்லை என்றால், எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று முறை பளிச்சென்று தட்ட வேண்டும். தரையில் தட்டினால் அவர் கவனிக்காமல் போகலாம். கை இரண்டும் சிக்கியிருந்தால் வாயால் "டேப்" என்று கத்தலாம், காலால் மேட் (தரை விரிப்பு) மேல் தட்டலாம். வலி வரட்டும் என்று காத்திருப்பது முட்டாள்தனம். கழுத்து நெரிப்பில் வலியே இல்லாமல் சில நொடிகளில் நினைவு தப்பும்; முழங்காலைத் திருகும் ஹீல் ஹுக்கில் வலி தெரிவதற்குள் தசைநார் போயிருக்கும். தொடங்குபவர்களுக்கான வெள்ளை பெல்ட் போட்டிகளில் ஹீல் ஹுக்குக்குத் தடை இருப்பது அதனால்தான். 1951இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானியர் மசாஹிகோ கிமுரா எலியோவின் கையை முறுக்கினார். எலியோ டேப் செய்யவில்லை, கை முறிந்தது. கார்லோஸ் துண்டை வீசித்தான் ஆட்டம் நின்றது. அந்தப் பிடிக்கு இன்றும் கிமுரா என்றுதான் பெயர். அந்த வீராப்பு நமக்கு வேண்டாம். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

அடுத்தது ஷ்ரிம்ப். இறால் மாதிரி உடம்பு வளைவதால் வந்த பெயர். மல்லாந்து படுத்து, வலது பாதத்தைப் பிட்டத்துக்குப் பக்கத்தில் ஊன்றுங்கள். இடது தோளின் மேல் சாய்ந்து, வலது பாதத்தை உதைத்து, இடுப்பைப் பின்பக்கமாக, அதாவது வலப்புறமாகத் தள்ளுங்கள். அந்த நொடியில் எடை பாதத்திலும் தோளிலும் மட்டும் இருக்க வேண்டும். புதியவர்கள் இடுப்பைத் தூக்காமல் தரையோடு இழுப்பார்கள், இல்லையென்றால் தலைப்பக்கமாக நகர்ந்து போவார்கள். இரண்டிலுமே எதிராளியிடமிருந்து ஒரு அங்குலம்கூட இடைவெளி கிடைக்காது. தேவை அந்த இடைவெளிதான். அதில் முழங்காலை நுழைக்கத்தான் இத்தனை பாடு.

இனி மவுண்ட், அதாவது எதிராளி மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் நிலை. அவர் வயிற்றின் மேல் உட்கார்ந்து, வலது கையை உங்கள் மார்பில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். பயத்தில் எல்லோரும் செய்வது, இரண்டு கையையும் நீட்டி அவரை மேலே தள்ளுவது. நீட்டிய கைதான் ஆர்ம்பாருக்கு அழைப்பு. முழங்கைகள் விலாவோடு ஒட்டியே இருக்கட்டும். அவருடைய வலது மணிக்கட்டை உங்கள் வலது கையாலும், அதே கையின் முழங்கைக்கு மேல்பகுதியை இடது கையாலும் இறுக்கிப் பிடித்து மார்போடு அணையுங்கள். உங்கள் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளியே போட்டுப் பூட்டுங்கள். இரண்டு குதிகாலும் பிட்டத்தை ஒட்டி இருக்கட்டும். இப்போது இடுப்பை நேராக மேலே எக்குங்கள். அவர் எடை உங்கள் தலைப்பக்கம் சாய்ந்ததும், இடது தோளின் மேலாகப் புரளுங்கள். அந்தப் பக்கம் ஊன்ற அவருக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. கவிழ்ந்தே ஆக வேண்டும்.

கவிழவில்லையா? பெரும்பாலும் காரணம் காலில் இருக்கும். கையைப் பூட்டிவிட்டுக் காலை மறந்திருப்பீர்கள், அவர் காலை ஊன்றி நின்றுகொள்வார். அல்லது பாதம் தள்ளிப் போயிருக்கும், இடுப்பு உயராது. அல்லது எக்காமலே புரண்டிருப்பீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் அவர் எப்படியோ சமாளித்து ஊன்றினால், அவர் எடை ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். அப்போது முழங்கையால் அவர் முழங்காலைத் தள்ளி ஷ்ரிம்ப். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யப் பழகினால் மவுண்ட் பயம் பாதி போய்விடும்.

வகுப்பின் கடைசியில் ரோலிங், அதாவது உண்மையான எதிர்ப்போடு மல்லுக்கட்டுவது. ஒரு ரவுண்டு பெரும்பாலும் ஐந்து நிமிடம். குத்து, உதை கிடையாது என்பதால் வாராவாரம் ஏறக்குறைய முழு வேகத்தில் பழக முடிகிறது. இந்தக் கலையின் பெரிய பலம் அதுதான். புதியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிராளியின் காலரை நசுக்குவார்கள், இரண்டே நிமிடத்தில் முன்கை கல்லாகி விரல் மூடாது. மூக்கால் மூச்சு விடுங்கள், வேலையில்லாத பிடியை விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் வந்தால் சில மாதங்களில் நெஞ்சுத் தெம்பும், இடுப்பு வளைவும், நெருக்கடியில் பதறாத புத்தியும் வரும். தெருச்சண்டையில் நாலு பேரை அடிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்: ஒருவரைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கும்போது அடுத்தவர் சும்மா நிற்க மாட்டார். விரல் மூட்டு வீக்கமும் காது மடல் தடிப்பதும் இலவச இணைப்பு. காது வீங்கினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், ரத்தம் உறைந்தால் அந்த உரு அப்படியே நின்றுவிடும்.

வெள்ளையிலிருந்து நீல பெல்ட் வரவே பலருக்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். கறுப்பு பெல்ட்டுக்குப் பத்து வருடம் சாதாரணம்.

கடைசியாக, சொல்லக் கூச்சப்படும் ஆனால் எல்லா அகாடமியையும் படுத்தும் விஷயம்: படர்தாமரை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், வகுப்பு முடிந்த கையோடு குளியுங்கள். கீ என்ற பயிற்சி உடையை ஒவ்வொரு முறையும் துவைத்து, பையில் ஊற விடாமல் அன்றே காயப்போடுங்கள். பருத்தி என்பதால் வெந்நீரில் போட்டால் சுருங்கும். பெல்ட்டைத் துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பார்கள்; அதையும் துவைக்கலாம், எங்கும் போகாது. மேட் மேல் வெறுங்கால், கழிப்பறைக்குச் செருப்பு. தோலில் வட்டமாக அரிப்போடு சிவந்தால் கோச்சிடம் சொல்லிவிட்டு, ஆறும் வரை வீட்டில் இருங்கள்.