மருமகன் கம்பெனியில் பங்கு வாங்கின கதை

போன வாரம்தான் பங்குப் பத்திரம் கைக்கு வந்தது. பணம் கொடுத்தது பிப்ரவரி 21. இந்த ஏழு மாதத்தில் திருநெல்வேலியில் பேட்டையிலிருந்து வண்ணார்பேட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் எத்தனை தடவை பைக்கை விரட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கணக்கு எழுதி வைத்திருந்தால் பெட்ரோல் செலவைப் பார்த்து வீட்டில் வேறு சண்டை வந்திருக்கும்.

விஷயம் இதுதான். என் மச்சான் மகன், முறைக்கு எனக்கு மருமகன், வளைகுடாவில் ஏசி டெக்னீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பினான். 2024 அக்டோபரில் அவனும் அவன் மைத்துனனும் சேர்ந்து ஏசி மாட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றைப் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்தார்கள். ஆளுக்கு 5 லட்சம், மொத்தம் 10 லட்சம் மூலதனம். பத்து ரூபாய்ப் பங்கு ஒரு லட்சம். நான் 5 லட்சம் போட்டால் இன்னும் 50,000 பங்கு. மூன்றில் ஒரு பங்கு எனக்கு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்று வந்த பணம் சும்மா வங்கியில் கிடந்தது.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன். ஊரில் பாதிப் பேர் பைப்பை மாட்டியதும் வால்வைக் கொஞ்சம் திறந்து, ஏசியில் இருக்கும் குளிரூட்டும் கேஸை விட்டே பைப்புக்குள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு, ‘ஓடுது சார்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். இப்போது வரும் ஆர்32 கேஸ் தீப்பற்றக்கூடியது, அதில் இந்த வேலை கூடவே கூடாது. இவன் அந்தக் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பைப் போட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரர் இரண்டு தடவை காப்பி கொண்டுவந்து வைத்த பிறகும் ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்று உட்கார்ந்திருந்தான். மாட்டுவதற்கு முன்னால் வயரிங்கையும் பார்த்தான். அதில்தான் நான் விழுந்தேன். முப்பது வருஷம் கரண்டோடு கிடந்தவனுக்கு அது போதாதா?

முதல் தப்பை நானேதான் செய்தேன். “மாமா, கம்பெனி பேர்ல கரண்ட் அக்கவுண்ட் இன்னும் ஓப்பன் ஆகல. இப்போதைக்கு என் அக்கவுண்டுக்கே போட்டு விடுங்க. சீசனுக்கு முன்னால சாமான் எடுக்கணும்” என்றான். போட்டேன். ஐந்து லட்சம், அவன் சொந்தக் கணக்குக்கு. முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, நோட்டரி கையெழுத்தும் வாங்கி பீரோவில் வைத்தேன். பங்கு வாங்கியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச்சில் ஒரு நாள், இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வைப்பது நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மா ஒப்பந்தத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “சார், கூட்டு வணிகம்னா, பார்ட்னர்ஷிப்னா பதிவுத்துறையில வரும். இது கம்பெனி. இதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்ல” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவாளர், எல்லாம் ஆன்லைன். பார்ட்னர்ஷிப்புக்கும் பிரைவேட் லிமிடெட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே 5 லட்சம் கொடுத்திருக்கிறேன் என்பது அந்த வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் உட்கார்ந்தேன். கம்பெனி பெயரைப் போட்டால் அடிப்படை விவரம் இலவசமாகவே வரும். நிலை: ஆக்டிவ். செலுத்தப்பட்ட மூலதனம்: 10 லட்சம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இதைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். பதிவு செய்யும்போது ‘போடுவோம்’ என்று எழுதிக் கொடுத்த தொகைதான் அங்கே வருகிறது. உண்மையில் போட்டார்களா என்பது ஐஎன்சி-20ஏ என்ற படிவத்தில்தான் தெரியும். கம்பெனி பதிவான 180 நாளுக்குள், பங்குதாரர்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட பணத்தைப் போட்டுவிட்டார்கள் என்று அறிவித்து அதைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாமல் தொழில் தொடங்கவே கூடாது, கடனும் வாங்கக் கூடாது. 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டிப் பார்த்தேன். ஐஎன்சி-20ஏ இல்லை.

அதாவது மருமகனும் மைத்துனனும் தங்கள் 10 லட்சத்தைக் கம்பெனியில் போடவே இல்லை. கம்பெனிக்குக் கணக்கே இல்லாதபோது எதில் போடுவார்கள்? அந்தக் கம்பெனிக்காக வெளியே வந்த ஒரே பணம் என்னுடையது. அதுவும் கம்பெனிக்குப் போகவில்லை. கெடு முடிய 12 நாள் இருந்தது.

காலையில் வீட்டில் சொன்னேன். “அவன் என் அண்ணன் பிள்ளை. அவன்கிட்டப் போயி பேப்பர் கேப்பீங்களோ?” என்றாள். கேட்டேன். அவன் மூஞ்சி சுருங்கிப்போனது. எனக்கும் சங்கடம்தான். ஆனால் அவன் ஏமாற்றவில்லை, இப்படி ஒரு படிவம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. கம்பெனியைப் பதிவு செய்து கொடுத்த ஆடிட்டர் அலுவலகத்தில் ‘மெயில் அனுப்பியிருந்தோமே’ என்றார்கள். அந்த மெயிலை யாரும் திறந்தும் பார்க்கவில்லை.

அந்த அலுவலகத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆடிட்டரைப் பார்க்க நாலு தடவை போனேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு ஒரே பதில்தான்: “அண்ணாச்சி, சார் மதுரைக்குப் போயிருக்காவ.” நாலாவது தடவை உள்ளே சாரின் இருமல் சத்தம் கேட்டது. “மதுரையில இருந்து இங்க வரைக்கும் கேக்குதே!” என்றேன். கதவு திறந்தது. என் முத்திரைத்தாள் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு அவர், “இது பங்கு இல்லை. கம்பெனி உங்களுக்கென்று பங்கை ஒதுக்கீடு செய்து, உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றினால்தான் பங்கு. இப்போது நீங்கள் உங்கள் மருமகனுக்குக் கைமாற்றுக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்” என்றார். எரிச்சலாக இருந்தாலும் இப்படித் தெளிவாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஐஎன்சி-20ஏ ஒருவழியாகக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் தாக்கலானது. அதற்குள் கரண்ட் அக்கவுண்ட் திறந்து, மருமகன் தன் சேமிப்பைப் போட்டு, மைத்துனன் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போய் வந்தது. தவறியிருந்தால் கம்பெனிக்கு மட்டும் 50,000 ரூபாய் அபராதம். டைரக்டர்களுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் வீதம் தனி.

அடுத்தது என் பணம். சட்டப்படி பங்குப் பணம் என் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனியின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ரொக்கமாகவும் கூடாது, டைரக்டர் கணக்கு வழியாகவும் கூடாது. ஆகவே மருமகன் எனக்கு 5 லட்சத்தைத் திருப்பிப் போட வேண்டும், நான் மறுபடி கம்பெனிக்குப் போட வேண்டும். ஆனால் அவன் அதில் 1,40,000-க்கு வேக்கம் பம்ப், கேஜ், காப்பர் ரோல் எல்லாம் எடுத்துவிட்டான். 3,60,000 உடனே வந்தது. மீதி? “கத்திரியில வேலை குமியும் மாமா, ஜூன்ல தந்திருதேன்” என்றான். 2025-இல் பார்த்துக் கத்திரிக்குள்ளேயே மழை. பருவமழையும் மே 24-ஆம் தேதியே கேரளாவில் இறங்கிவிட்டது. குற்றாலத்தில் சாரல் என்று ஊரே சந்தோஷப்பட்டபோது நான் மட்டும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். செய்த வேலையிலும், டீலர் மூலம் வந்த வேலைக்குக் காசு நாற்பது நாள் கழித்துத்தான் வரும். இந்தத் தொழிலில் காசு போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மாட்டின அன்றைக்கே காசு தருவது நேராக நம்மைக் கூப்பிடும் வீட்டுக்காரர் மட்டும்தான். காப்பர் பைப்புக்கோ கடையில் ரொக்கம்.

நேராக வந்த காசும் எங்கே போனது தெரியுமா? வேலைக்குப் போகும் பையன்கள் காட்டும் க்யூஆர் அட்டை மருமகனின் சொந்த ஜிபே. “அதுல என்ன மாமா, எல்லாம் ஒண்ணுதான?” ஒன்று இல்லை மாப்ளே என்று அதற்கும் ஒரு பாட்டம் சண்டை. மூன்று நாள் பேசவில்லை.

மீதிப் பணம் ஜூன் கடைசியில் வந்தது. இனி நேராகப் போட்டுவிடலாம் என்றால், பங்கின் விலைக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும் என்று ஆடிட்டர் அலுவலகத்தில் இப்போது சொன்னார்கள். ஏப்ரலில் கேட்டபோது “அதெல்லாம் தேவைப்படாது” என்றவர்களும் இவர்களேதான். அதற்குத் தனிச் செலவு. பிறகு பங்குதாரர் கூட்டம், சிறப்புத் தீர்மானம், பங்கு வாங்கிக்கொள்ளச் சொல்லி எனக்கு ஆஃபர் லெட்டர். இதெல்லாம் ஜூலையோடு முடிந்தது.

பங்குப் பணத்துக்கென்று கம்பெனி தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்பதும் விதி. வங்கியில் போய்க் கேட்டால், “உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒரு கரண்ட் அக்கவுண்ட் இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?” என்று அதிகாரி எங்களையே சந்தேகமாகப் பார்த்தார். சட்டப் பிரிவை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் திறந்தார்கள். நீங்கள் போவதாக இருந்தால் முதல் தடவையே கம்பெனிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மிச்சம்.

அப்புறம் என் பெயர். வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால். பான் கார்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு வாரம் போனது. அறுபது வயது வரை இந்த இனிஷியலோடுதான் சம்பளம் வாங்கினேன். நல்ல வேளை, பென்ஷன் புத்தகத்தில் இரண்டு மாதிரியும் இருந்தது.

ஆகஸ்ட் முதல் தேதி பணம் போட்டேன். 60 நாளுக்குள் ஒதுக்கீடு செய்யாவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், தவறினால் 12 சதவீத வட்டி. இதைக் காகிதத்தில் எழுதி மருமகன் கம்பெனி மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். கோபம் இல்லை, ஞாபகத்துக்குத்தான். இருபதாம் நாளே ஒதுக்கீடு முடிந்தது. ஒதுக்கீட்டு விவரத்தையும் 15 நாளுக்குள் தாக்கல் செய்தார்கள். அது முடியும் வரை அந்தப் பணத்தில் கைவைக்கக் கூடாது. மருமகனும் வைக்கவில்லை. பிப்ரவரியில் இருந்த பையனா இவன் என்று இருந்தது.

பத்திரம் மட்டும் இன்னும் தாமதம். ஏன் என்று போய்க் கேட்டால் ஸ்டாம்ப் டூட்டி கட்டவில்லையாம். எவ்வளவு? 0.005 சதவீதம். 5 லட்சத்துக்கு 25 ரூபாய். அந்த 25 ரூபாய்க்காக இரண்டு வாரம் கிடந்திருக்கிறது. பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். “அப்படிக் கட்ட முடியாது அண்ணாச்சி” என்றான் அந்தத் தம்பி.

இப்போது பத்திரம் வந்துவிட்டது. 50,000 பங்கு, எண் 1,00,001 முதல் 1,50,000 வரை, இரண்டு டைரக்டர் கையெழுத்து. சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்னிடம் இருப்பதால் இனி என்னைக் கேட்காமல் அதை நிறைவேற்ற முடியாது. இதை மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று எங்கள் வீட்டு ஏசியில் தண்ணீர் ஒழுகியது. மருமகனே வந்து ட்ரெய்ன் பைப்பைச் சரி செய்தான். அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்தான். சர்வீஸ் 600 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 708. க்யூஆர் அட்டையை நீட்டினான். போனில் கம்பெனி பெயர் வந்தது. வீட்டுக்காரி என்னை முறைத்தாள். நான் ஒன்றும் பேசாமல் 708 ரூபாயையும் அனுப்பினேன்.